புள்ளி, சாய்கோடு, மறைந்த கோப்புறை



இலக்கணமும் பாடநூலும் பற்றியே எழுதி வரும் நான் இம்முறை கணினிக் கட்டளைகளைப் பற்றி எழுதுவது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், எங்கள் தமிழ்மொழிப் பணித்தியம் 14 மாதங்களாகச் சேர்த்து வைத்திருந்த ஒரு பதிவேடு என் கைத்தவற்றால் ஒரே வரியில் அழிந்தது. தவறு என்னுடையதே, அதில் ஐயமில்லை. ஆயினும், அது நேர்ந்த வழியை ஆராயப் புகுந்தபோது, அதன் பின்னால் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று நிற்பதைக் கண்டேன். பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்து நிரல் எழுதப் பழக்கும் பெற்றோர்களுக்கும், அப்பிள்ளைகளின் ஐயங்களுக்கு விடை சொல்ல வேண்டிய ஆசிரியர்களுக்கும் இவ்வரலாறு பயன்படும் என்று எண்ணுகிறேன். பதிவு சற்று நீளும், பொறுத்தருள்க.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான பயிற்சித் தாள்களின் வினாக்களை வெறும் உரைக் கோப்புகளாக ஒரு கோப்புறையில் தொகுத்து வந்தோம். எங்களுள் இளையவரான ஓர் ஆசிரியர் அதற்குப் ‘பதிப்புக் கட்டுப்பாடு’ என்னும் ஏற்பாட்டைச் செய்து தந்தார். ‘கிட்’ என்ற மென்பொருளை நிறுவி, கோப்புறைக்குள் சென்று, ‘கிட் இனிட்’ என்று கட்டளையிட்டால் போதும். ‘.கிட்’ என்ற பெயரில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உள்கோப்புறை பிறக்கும். அதன்பின் நாம் ஒப்படைக்கும் ஒவ்வொரு மாற்றமும், செய்தவர் பெயரோடும் நாளோடும் காரணக் குறிப்போடும் அதனுள் பதிவாகும்.

அக்காரணக் குறிப்புகளே எங்களுக்கு அருமையானவை. இப்பொழுது பணி ஓய்வு பெற்றுவிட்ட எங்கள் மூத்த ஆசிரியை, ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் பொறுமையாக எழுதி வைப்பார். “மரம், மறம் இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை குழம்பும், ஒன்றை அடுத்த தாளுக்கு நகர்த்தினேன்” என்பது போன்ற குறிப்புகள். அவருடைய முப்பது ஆண்டு வகுப்பறை அனுபவத்தில் ஒரு பகுதி அந்த வரிகளில் இருந்தது. வினாத்தாளில் இருந்தது அதன் விளைவு மட்டுமே.

விடுமுறையில் ஒரு நாள், புதிதாக வேறொரு தொகுப்பைத் தொடங்க எண்ணி, விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்தேன். அச்சாளரம் திறக்கும்போது பயனரின் சொந்தக் கோப்புறையில்தான் நிற்கும். நான் உரிய இடத்துக்குப் போகாமலேயே ‘கிட் இனிட்’ என்று தட்டிவிட்டேன். என் புகைப்படங்கள், கடிதங்கள், பள்ளி ஆவணங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய பெருங்கோப்புறை முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. இதைத் திரும்பப் பெறுவது எப்படி என்று இளைய ஆசிரியருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் பயன்படுத்துவது மேக் கணினி. உடனே விடை வந்தது: “டீச்சர், முதலில் வெறும் ‘சிடி’ என்று மட்டும் தட்டுங்கள். சொந்தக் கோப்புறைக்குப் போய்விடுவீர்கள். பிறகு ‘ஆர்எம் -ஆர்எஃப் .கிட்’ என்று தட்டுங்கள். முடிந்தது.”

அப்பொழுது நான் வேறொரு சாளரத்தில், பயிற்சித் தாள்களின் கோப்புறைக்குள் இருந்தேன். ‘சிடி’ என்று தட்டினேன். திரையில் ஒரு பாதை தோன்றியது. சரி, போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று எண்ணினேன். அடுத்து ‘ஆர்எம்’ கட்டளை. அப்படியொரு கட்டளையை அறியேன் என்று கணினி மறுத்தது. விண்டோஸில் இதற்கு ஈடான கட்டளை எது என்று தேடினேன். ‘ஆர்டி /எஸ் /கியூ .கிட்’ என்று கிடைத்தது. தட்டினேன். கணினி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மறுநாள் பயிற்சித் தாள்களைத் திறந்தபோது தாள்கள் எல்லாம் அப்படியே இருந்தன. வரலாறு மட்டும் இல்லை.

செய்தியைக் கேட்ட இளைய ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “டீச்சர், எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு தட்டினீர்கள்?” அந்தக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. மேக் கணினியில் தனியாக ‘சிடி’ என்றால் ‘வீட்டுக்குப் போ’ என்று பொருள். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் அதே சொல்லைத் தனியாகத் தட்டினால் ‘நான் எங்கே இருக்கிறேன், சொல்’ என்று பொருள். கணினி என் கேள்விக்கு ஒழுங்காக விடை சொன்னது. நான் அதைப் பயணம் முடிந்ததற்கான அறிவிப்பாக எடுத்துக்கொண்டேன். பாதையைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும், படிக்கவில்லை. பிள்ளைகளிடம் வினாவை இரு முறை வாசி என்று நாள்தோறும் சொல்லும் வாய் இது.

ஒரே சொல் இரண்டு இயங்குதளங்களில் இரண்டு பொருள் தருவது எதனால்?

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதற்கு முன் அவ்வாய்வகம் பங்கு கொண்டிருந்த மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து, கோப்புறைக்குள் கோப்புறை என்ற மரவடிவ அமைப்பை எடுத்துக்கொண்டனர். மல்டிக்ஸில் கோப்புறைகளைப் பிரித்துக் காட்டியது ‘>’ என்னும் குறி. யூனிக்ஸில் அவ்விடத்துக்கு ‘/’ என்னும் சாய்கோடு வந்தது. அக்காலத்தில் திரை அரிது. தொலைத்தட்டச்சுப் பொறியில் தட்ட வேண்டும். விடையையும் அது தாளில் அடித்துக் கொடுக்கும். அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 எழுத்து. ஆகையால் யூனிக்ஸ் கட்டளைகள் எலும்புக்கூடாகச் சுருங்கின. நீக்கு என்பதற்கு ‘ஆர்எம்’, படியெடு என்பதற்கு ‘சிபி’, பட்டியலிடு என்பதற்கு ‘எல்எஸ்’. வேலை ஒழுங்காக முடிந்தால் ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் அப்பொறியோடு வந்த பழக்கமே. கட்டளையின் போக்கை மாற்றும் விருப்பக் குறிகளுக்கு முன்னால் ‘-’ என்னும் சிறுகோடு இடுவது அவர்கள் வழக்கம். எழுத்துச் சிக்கனம் எவ்வளவு தூரம் போயிற்று என்றால், ‘கிரியேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தையே ஓர் இயங்குதள அழைப்பின் பெயரில் விட்டுவிட்டனர். யூனிக்ஸை மீண்டும் உருவாக்க நேர்ந்தால் எதை மாற்றுவீர்கள் என்று பின்னாளில் கேட்டபோது, அந்த எழுத்தைச் சேர்ப்பேன் என்று தாம்சன் நகைச்சுவையாகச் சொன்னாராம். எழுத்துப் பிழை திருத்தியே காலம் தள்ளும் எனக்கு இது பிடித்த கதை.

மற்றொரு கிளை வேறிடத்தில் முளைத்தது. 1974இல் கேரி கில்டால் என்பவர் சிறு கணினிகளுக்கென சிபி/எம் என்னும் இயங்குதளத்தை எழுதினார். டிஇசி நிறுவனத்தின் கணினி மரபுகள் அதில் பலவாறு படிந்திருந்தன. அம்மரபில் சாய்கோட்டின் வேலை வேறு. கட்டளையின் விருப்பக் குறிகளுக்கு முன்னால் நிற்பதே அதன் பணி. சிபி/எம்மில் கோப்புறை மரம் கிடையாது. சிறு நெகிழ்வட்டுக்கு அது தேவைப்படவில்லை. அழிப்பதற்கு ‘இஆர்ஏ’ என்பது கட்டளை.

1980இல் டிம் பேட்டர்சன் என்பவர், சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில், சிபி/எம்மின் சாயலில் ஓர் இயங்குதளத்தை எழுதினார். அதை மைக்ரோசாஃப்ட் 1981இல் விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 12இல் வெளிவந்த ஐபிஎம் கணினியோடு அது டாஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அந்த முதல் டாஸிலும் கோப்புறைகள் இல்லை. அதனோடு ஐபிஎம் தந்த துணைநிரல்கள் விருப்பக் குறிக்குச் சாய்கோட்டையே பயன்படுத்தின.

1983இல் வன்வட்டோடு கூடிய ஐபிஎம் எக்ஸ்டி வந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரே பட்டியலில் வைக்க இயலாது. ஆகவே டாஸ் 2.0 கோப்புறை மரத்தை ஏற்றுக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே யூனிக்ஸ் உரிமம் பெற்று ஜெனிக்ஸ் என்ற பெயரில் விற்று வந்ததால், மாதிரி கைவசம் இருந்தது. கோப்புறை உண்டாக்கும் ‘எம்கேடிர்’, கோப்புறை நீக்கும் ‘ஆர்எம்டிர்’ போன்ற பெயர்கள் இன்றும் இரு தளங்களிலும் ஒன்றாக இருப்பது இதனாலேயே. நான் தட்டிய ‘ஆர்டி’ என்பது இந்த ‘ஆர்எம்டிர்’ கட்டளையின் குறும்பெயர். ஆனால் யூனிக்ஸ் போலச் சாய்கோட்டால் பாதையைப் பிரிக்க முடியவில்லை. சாய்கோட்டுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருந்தது. பழைய நிரல்களும் பழகிய கைகளும் அதையே எதிர்பார்த்தன. மைக்ரோசாஃப்டில் நெடுங்காலம் பணியாற்றிய லேரி ஆஸ்டர்மன் 2005இல் எழுதியபடி, இதில் ஐபிஎம் உடன்படவில்லை. ஆகவே சாய்கோட்டைப் போலவே தோன்றி எதிர்ப்பக்கம் சாயும் ‘\’ என்னும் பின்சாய்கோட்டைத் தேர்ந்தெடுத்தனர்.

டாஸின் உட்பகுதியோ இரண்டையும் பாதைக் குறியாக ஏற்றுக்கொண்டது என்பதுதான் வேடிக்கை. பயனர் தட்டும் கட்டளைகளில்தான் வேறுபாடு வெளிப்பட்டது. இந்தப் பின்சாய்கோட்டுக்கும் தனிக்கதை உண்டு. 1961இல் பாப் பீமர் என்பவர் அதைக் கணினி எழுத்துத் தொகுதிக்குள் கொண்டு வந்தார். அல்கால் என்னும் நிரல்மொழியின் தருக்கக் குறிகளை இரு சாய்கோடுகளைச் சேர்த்து உருவாக்கலாம் என்பது அவர் நோக்கம். அதே இடத்தில் ஜப்பானியர் தம் யென் குறியை வைத்துக்கொண்டதால், ஜப்பானிய விண்டோஸில் கோப்புப் பாதைகள் யென் குறிகளோடு காட்சியளிக்கின்றன. முற்காலத்து எழுத்துருக் குழப்பங்களில் அவதிப்பட்ட நம் தமிழாசிரியர்களுக்கு இது புதிதன்று. ஓர் எண்ணுக்கு இரண்டு இடங்களில் இரண்டு உருவம் என்பதை நாம் போதிய அளவு பார்த்திருக்கிறோம்.

இந்த வரலாற்றைப் படித்த பிறகு என் மனம் சற்று இளகியது. “கட்டளை தெரியாது” என்று கணினி மறுக்கும்போது, தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாகப் பிள்ளைகள் கூசிப்போவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை தட்டியது சரியான கட்டளையாகவே இருக்கும். அது பக்கத்து வீட்டு மொழியாக இருக்கும். வழிகாட்டிகளை எழுதுவோர் பெரும்பாலும் யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸிலோ மேக்கிலோ இருந்து எழுதுகின்றனர். மேக் கணினி 2001இல் வெளியான ஓஎஸ் எக்ஸ் முதல் யூனிக்ஸ் வழித்தோன்றலாகிவிட்டது. வீட்டிலுள்ள பிள்ளையின் கணினி விண்டோஸாக இருந்தால் இடறத்தான் செய்யும்.

அடுத்து, அந்தப் புள்ளி. ‘.கிட்’ என்னும் பெயரின் முன்னால் நிற்கும் புள்ளிதான் அக்கோப்புறையை மறைக்கிறது. மறைப்பதற்கென்று யாரேனும் திட்டமிட்டு அமைத்த விதி இது என்று நினைத்திருந்தேன். யூனிக்ஸ் குழுவைச் சேர்ந்த ராப் பைக் 2012இல் எழுதிய ஒரு குறிப்பு அதை மறுக்கிறது. ஒவ்வொரு கோப்புறையிலும் தன்னைக் குறிக்கும் ‘.’ என்ற பெயரும், மேல் கோப்புறையைக் குறிக்கும் ‘..’ என்ற பெயரும் இருக்கும். பட்டியலிடும்போது இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டி, பெயரின் முதலெழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும்படி ஒருவர் நிரலில் எழுதினார். பெயர் முழுவதையும் ஒப்பிட்டிருக்க வேண்டும்; சோம்பலில் குறுக்குவழி எடுத்தார். விளைவாக, புள்ளியில் தொடங்கும் எந்தப் பெயரும் பட்டியலில் வராமல் போயிற்று. நிரல் எழுதுவோர் இதைக் கண்டுகொண்டு, தம் அமைப்புக் கோப்புகளை எல்லாம் புள்ளி வைத்து ஒளிக்கத் தொடங்கினர். பிழையாகப் பிறந்தது வழக்கமாகி, வழக்கம் விதியாயிற்று. மொழி வரலாற்றில் வழூஉச்சொல் மரூஉவாவதை விளக்க இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைத்ததில்லை.

டாஸ் மரபில் மறைத்தல் வேறு வகை. அங்கே பெயருக்கும் மறைவுக்கும் தொடர்பில்லை; கோப்போடு சேர்ந்த ஒரு தனிக்குறியே அதை மறைக்கிறது. விண்டோஸின் கோப்பு உலாவி நெடுங்காலம் புள்ளியில் தொடங்கும் பெயரை இடவே மறுத்து வந்தது. ஆகவே விண்டோஸுக்கான கிட், ‘.கிட்’ கோப்புறையை உண்டாக்கும்போது புள்ளியையும் வைத்து, விண்டோஸின் மறைவுக்குறியையும் கூடவே இடுகிறது. எனக்கோ இரண்டு மறைவும் சேர்ந்து கேடாயிற்று. கோப்புறையைத் திறந்து பார்த்தபோது ஒன்றும் குறையவில்லை என்றே தோன்றியது. இருந்தபோது தெரியாத ஒன்று இல்லாதபோது எப்படித் தெரியும்?

அழிக்கும் சொல்லுக்கும் இரு மரபிலும் இரு குணம். டாஸில் ஒரு கோப்புறையின் எல்லாக் கோப்புகளையும் ‘டெல்’ கட்டளையால் அழிக்கச் சொன்னால் “உறுதிதானா?” என்று கேட்கும். கோப்புறையை உள்ளடக்கத்தோடு நீக்கும் வழியே வெகுகாலம் இல்லை. கோப்புகளை முதலில் அழித்து, வெறுமையான பின்பே கோப்புறையை நீக்க வேண்டும். 1993இல் வந்த டாஸ் 6.0இல்தான் ‘டெல்ட்ரீ’ என்ற கட்டளை அவ்வேலையை ஒரே மூச்சில் செய்தது. பின்னர் விண்டோஸ் என்டி வழிவந்த தளங்களில் அது போய், ‘ஆர்டி’ கட்டளைக்கே ‘/எஸ்’ என்ற விருப்பக் குறி சேர்ந்தது. ‘/எஸ்’ மட்டும் இட்டால் அதுவும் உறுதி கேட்கும். ‘/கியூ’ என்பதைச் சேர்த்தால் கேளாது. யூனிக்ஸின் ‘-ஆர்எஃப்’ என்பதும் அப்படியே. ‘ஆர்’ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் நீக்கச் சொல்கிறது, ‘எஃப்’ கேள்வி கேட்காதே என்கிறது. நான் கேள்வி கேட்காதே என்று சொன்னேன், கணினி கேட்கவில்லை. விண்டோஸின் குப்பைத் தொட்டி இருக்கிறதே என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டளை வழியாக அழிப்பவை அத்தொட்டிக்குள் போவதில்லை.

இனி, அழிந்துபோன அந்த வரலாற்றின் வரலாறு. இதுவே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நிரல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் முறையை 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் தொடங்கி வைத்தார். அவர் எழுதிய எஸ்சிசிஎஸ், ஒவ்வொரு கோப்பின் எல்லாத் திருத்தங்களையும் ஒரே வரலாற்றுக் கோப்பில் பின்னி வைத்தது. 1980களின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி, ஆர்சிஎஸ் என்ற முறையை அமைத்தார். அண்மைய வடிவத்தை முழுமையாக வைத்துக்கொண்டு, பழைய வடிவங்களுக்குப் பின்னோக்கிச் செல்லும் வேறுபாடுகளை மட்டும் சேமிப்பது அவர் உத்தி. இவை இரண்டும் தனித்தனிக் கோப்புகளையே கவனித்தன.

ஆம்ஸ்டர்டாமில் டிக் கிரூன் என்னும் பேராசிரியர் தம் மாணவர் இருவரோடு சேர்ந்து ஒரு நிரல்மொழிபெயர்ப்பியை உருவாக்கி வந்தார். மூவரும் ஒரே நேரத்தில் கூடிப் பணியாற்ற இயலவில்லை. ஒருவர் காலையில், ஒருவர் மாலையில் என்ற நிலை. அவர்கள் ஒருவரையொருவர் தடுக்காமல் வேலை செய்யவென்று 1986இல் அவர் வெளியிட்ட நிரல்களே சிவிஎஸ் ஆயிற்று. ஆசிரியரும் மாணவரும் நேரம் ஒத்துவராமல் திண்டாடியதிலிருந்து பிறந்தது என்பதால் எனக்கு இதன்மீது தனிப்பற்று. சிவிஎஸ்ஸிலும், அதன் குறைகளைக் களைய 2000இல் தொடங்கி 2004இல் 1.0 பதிப்பாக வெளிவந்த சப்வெர்ஷனிலும், வரலாறு முழுவதும் ஒரு நடுவண் கணினியில் இருக்கும். பணியாற்றுவோர் கையில் ஒரு படி மட்டுமே. அப்படியின் ஒவ்வோர் உள்கோப்புறையிலும் ‘சிவிஎஸ்’ அல்லது ‘.எஸ்விஎன்’ என்ற சிறு கோப்புறை, நடுவண் கணினியோடு உள்ள தொடர்பைக் குறித்து வைத்திருக்கும்.

அக்காலத்தில் கட்டுப்பாட்டை நீக்குவது பெருந்தொல்லை. நூறு உள்கோப்புறை இருந்தால் நூறு ‘.எஸ்விஎன்’ இருக்கும். யூனிக்ஸில் ‘ஃபைண்ட்’ என்ற கட்டளையோடு ‘ஆர்எம்’ சேர்த்து ஒரே வரியில் துடைத்துவிடலாம். விண்டோஸில் அதற்குச் சுழல்கட்டளை ஒன்று எழுத வேண்டும்; அதன் வடிவமே வேறு. சப்வெர்ஷனின் 1.7 பதிப்பு 2011இல் வந்த பிறகே எல்லாம் ஒரே ‘.எஸ்விஎன்’ கோப்புறையில் அடங்கின. ஆனால் தொல்லைக்கு ஈடாக ஒரு பாதுகாப்பு இருந்தது. அத்தனை சிறு கோப்புறைகளையும் அழித்தாலும் அறுந்தது தொடர்பு மட்டுமே. வரலாறு நடுவண் கணினியில் பத்திரமாக இருக்கும்.

கிட் இதைத் தலைகீழாக்கியது. லினக்ஸ் உட்கருவை உருவாக்குவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் வணிக மென்பொருளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தி வந்தனர். அதன் தகவல் பரிமாற்ற முறையை ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்னும் நிரலர் ஆராய்ந்து அறிய முற்பட்டதைத் தொடர்ந்து, 2005 ஏப்ரலில் அந்நிறுவனம் இலவச உரிமத்தைத் திரும்பப் பெற்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே ஒன்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 3இல் தொடங்கி, ஏப்ரல் 7ஆம் நாள் கிட் தன் வரலாற்றைத் தானே பதிந்துகொள்ளும் நிலையை அடைந்தது. முதல் வடிவில் மறைகோப்புறையின் பெயர் ‘.டிர்கேஷ்’, விரைவில் ‘.கிட்’ ஆயிற்று. அவ்வாண்டு ஜூலையில் டோர்வால்ட்ஸ் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார்.

கிட்டில் நடுவண் கணினி என்று ஒன்று கட்டாயமில்லை. ஒவ்வொரு படியும் முழு வரலாற்றையும் தன் ‘.கிட்’ கோப்புறைக்குள் சுமக்கிறது. அதனால்தான் தொடங்குவதற்கு ‘இனிட்’ என்ற கட்டளை இருக்க, தொடங்கியதைத் திரும்பப் பெறுவதற்கு என்று கிட்டில் தனிக்கட்டளை இல்லை. அந்த ஒரு கோப்புறையை நீக்கினால் போதும், எல்லாம் நீங்கிவிடும். வெறும் கோப்புகள் தொட்டது தொட்டபடி இருக்கும். ஒரு நிமிடத்துக்கு முன் தவறாகத் தொடங்கியதை நீக்குவதற்கும், 14 மாத உழைப்பை நீக்குவதற்கும் ஒரே வரிதான். எது எது என்று கிட் பார்ப்பதில்லை; பார்க்கவும் இயலாது, ஏனெனில் அழிப்பது கிட் அன்று, இயங்குதளம். தொடங்குவது உலகெங்கும் ஒரே கட்டளையாக இருக்க, நீக்குவது மட்டும் தளத்துக்குத் தளம் வேறுபடுவதும் இதனாலேயே.

விண்டோஸுக்குள்ளேயே இன்று மூன்று மொழிகள் உள்ளன என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பழைய கட்டளைச் சாளரத்தில் ‘ஆர்டி /எஸ் /கியூ .கிட்’. 2006இல் வந்த பவர்ஷெல்லில் ‘ஆர்எம்’ என்ற சொல்லை ஏற்கும், ஏனெனில் ‘ரிமூவ்-ஐட்டம்’ என்ற அதன் சொந்தக் கட்டளைக்கு அதை மறுபெயராக வைத்துள்ளனர். ஆனால் ‘-ஆர்எஃப்’ என்றால் அப்படியொரு விருப்பக் குறி இல்லை என்று மறுக்கும். ‘-ரிகர்ஸ் -ஃபோர்ஸ்’ என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸுக்கான கிட்டோடு வரும் ‘கிட் பேஷ்’ சாளரத்திலோ யூனிக்ஸ் கட்டளை அப்படியே செல்லும். பிள்ளை எந்தச் சாளரத்தைத் திறந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் விடை சொன்னால் என் கதைதான்.

நான் இப்பொழுது செய்வது வேறு. மேக்கில் ‘பிடபிள்யூடி’, விண்டோஸில் தனி ‘சிடி’ தட்டி, வந்த பாதையை வாய்விட்டுப் படிக்கிறேன். பிறகு ‘.கிட்’ கோப்புறையை நீக்காமல் வேறு பெயர் இடுகிறேன். மேக்கில் ‘எம்வி’, விண்டோஸில் ‘ரென்’. விண்டோஸில் மறைந்திருப்பதற்குப் பெயர் மாற்றும் முன் ‘அட்ரிப்’ கட்டளையால் மறைவுக்குறியை எடுத்துவிடுகிறேன். பெயர் மாறினால் கிட்டுக்கு அது தெரியாது, கட்டுப்பாடு நீங்கிவிடும். ஒரு வாரம் கழித்து ஒன்றும் குறையவில்லை என்றால் அழிக்கிறேன். இளைய ஆசிரியர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

எங்கள் பதிவேட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தேர்வு வினாக்கள் என்பதால் நாங்கள் இணையத்தில் எங்கும் ஏற்றி வைக்கவில்லை. நான் கணினியில் புதிய கோப்புகள் எதையும் சேமிக்காமல் காத்திருந்தேன். விடுமுறை முடிவதற்கு மூன்று நாள் இருக்கையில் இளைய ஆசிரியர் அழைத்தார். முன்பு ஒருமுறை வீட்டில் வேலை செய்வதற்காக, அக்கோப்புறை முழுவதையும் விரலியில் படியெடுத்துத் தம் மேக் கணினியில் இறக்கி வைத்திருந்தாராம். ‘.கிட்’ கோப்புறையும் அதோடு சேர்ந்தே போயிருந்தது. புள்ளி வைத்திருந்ததால் அவரும் அதைக் கவனிக்கவில்லை. அதில் வரலாறு முழுதாக இருந்தது, படியெடுத்த நாள் வரைக்கும். மூத்த ஆசிரியையின் கடைசிக் குறிப்பு அதற்கு இரண்டு நாள் முந்தையது. ‘பலகாரம்’ என்ற சொல்லை மாற்ற வேண்டா, பிள்ளைகளுக்கு அது வீட்டிலேயே தெரியும் என்று எழுதியிருந்தார்.

படியெடுத்த நாளுக்குப் பிந்தைய ஆறு வாரத் திருத்தங்களின் காரணங்கள் திரும்பவில்லை. திருத்தங்கள் தாள்களில் இருக்கின்றன. யார், ஏன் செய்தார் என்பது போயிற்று. அவற்றை எல்லாம் ஒரே ஒப்படைப்பாகப் பதிந்து, குறிப்பில் என் பெயரையும் நாளையும் இட்டு, “கோப்புறை மாறி அழித்தேன், ஆறு வாரக் குறிப்புகள் இல்லை” என்று எழுதி வைத்திருக்கிறேன்.